ரைன் நதிக்கரையில் நம் பிள்ளைகள்

நம் கடற்கரை ஊர்களில் ‘சபுராளி’ என்றொரு சொல் வழங்கி வருவதை நீங்கள் அறிவீர்கள். கொழும்பு, ரங்கூன், பினாங்கு, ஹாங்காங் என்று வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்தவர்களை நம் முன்னோர் அவ்வாறு அழைத்தனர். சபுராளி தனியாகவே புறப்படுவார். மனைவி மக்கள் ஊரில் இருப்பர். ஓராண்டோ ஈராண்டோ கழித்து வருவார். சில மாதங்கள் தங்குவார். மீண்டும் பெட்டியைக் கட்டுவார். வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம் சகோதரர்கள் பலருடைய வாழ்வும் இதே தடத்தில்தான் நடந்தது.

ஜெர்மனி இந்தத் தடத்தில் அடங்காத நாடு. அங்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளை மனைவியை அழைத்துக்கொள்கிறான். குழந்தை அங்கேயே பிறக்கிறது. ஆறு வயதானதும் அந்நாட்டுச் சட்டப்படி அந்நாட்டுப் பள்ளியில் சேர்கிறது. ‘எப்போது திரும்புவீர்கள்?’ என்ற கேள்விக்குரிய விடை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப் போகிறது. ஆகவே அந்த மண்ணில் வேர் பிடிப்பது எப்படி, அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பற்றி உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

சென்ற கோடையில் என் ராத்தாவுடன் கொலோன் நகருக்குச் சென்று, அவருடைய மகள் வீட்டில் ஏறக்குறைய 80 நாட்கள் தங்கியிருந்தேன். மாப்பிள்ளை அங்குக் கணினிப் பொறியாளர். எங்கள் காயல்பட்டினத்தின் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். திருமணத்திற்குப் பின்னும் பெண் தாய் வீட்டிலேயே வாழ்வாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். வீடும் பெண்ணுக்கென்றே கட்டப்படும். அண்டை வீடுகளுக்குப் பெண்கள் புழக்கடை முடுக்கு வழியாகவே போய் வருவர். அப்படி வளர்ந்த பெண், யாரையும் அறியாத ஒரு நகரத்தின் மூன்றாம் மாடியில் குடியேறியிருக்கிறாள். அவளுக்கென்று ராத்தா கட்டிய வீடோ ஊரில் பூட்டிக் கிடக்கிறது. விதவையான ராத்தா மகளிடம் கேட்க நினைத்த கேள்வி ஒன்றுதான்: ‘இனி நாம் ஒரே கூரையின் கீழ் வாழ்வது எங்கே?’

உறவைப் பார்க்கவும் உறுதிமொழி

உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் நமக்குப் பயணச் சீட்டு எடுத்தால் போதும். ஜெர்மனியில் உறவினரை அழைப்பவர் பெரும்பாலும் முதலில் வெளிநாட்டார் அலுவலகத்திற்குச் சென்று, விருந்தினரின் செலவுகளுக்கெல்லாம் தாமே பொறுப்பு என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். தம் சம்பளச் சீட்டையும் காட்ட வேண்டும். விருந்தினர் தம் பங்குக்குக் குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு செய்யும் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது 180 நாட்களுக்குள் 90 நாட்கள் தங்கும் அனுமதி. ராத்தா இதைக் கேட்டுவிட்டு, “பெற்ற மகளைப் பார்க்கவும் தவணையா?” என்றார்.

பெயர்ப் பலகையில் தொடங்கும் வாழ்வு

புதிய வீட்டில் குடிபுகுந்தவர் இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் தம் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட சான்றும் வேண்டும். இப்பதிவு இல்லாமல் மற்ற காரியங்கள் நகர்வதில்லை. தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் குடும்பப் பெயரை ஒட்டுவதும் அவசியம். பெயர் காணாத தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அந்நாட்டில் அரசும் வங்கியும் பள்ளியும் இன்றும் கடிதம் வழியாகப் பேசுகின்றன என்பதால் இது சிறிய விஷயமன்று.

குப்பையைப் பிரிப்பது அடுத்த பாடம். காகிதத்திற்கு ஒரு தொட்டி, உறைகளுக்கு ஒன்று, காய்கறிக் கழிவுக்கு ஒன்று, எஞ்சியதற்கு ஒன்று. குளிர்பானப் புட்டிக்குக் கடையில் 25 சென்ட் வரை முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். காலிப் புட்டியைக் கொண்டுபோய்ப் பொறியில் போட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி காக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைக்கப்பட்டிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இடம் பெற்றுள்ளது. விருந்தென்றால் நள்ளிரவு வரை கலகலப்பாக இருக்கும் நமக்கு இது இறுக்கமாகத் தோன்றும். பக்கத்து வீட்டாரின் தூக்கத்துக்கும் ஒரு ஹக்கு உண்டு என்று எண்ணிப் பார்த்தால் இறுக்கம் தளர்ந்துவிடும். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர்களைச் சொத்துக்கும் வாரிசாக்கி விடுவார்களோ என்று நபிகள் நாயகம் (ஸல்) எண்ணுமளவு ஆயிற்று என்பதை நாம் மேடைதோறும் கேட்டவர்கள்தாமே!

அங்குப் புதிதாகக் குடிவந்தவர்தான் கதவைத் தட்டித் தம்மை அறிமுகம் செய்துகொள்வது மரியாதை. நம் ஊரில் இருப்பவர்கள் வந்து விசாரிப்பார்கள். அங்கே அப்படி எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் ஆண்டுகள் கழிந்துவிடும். ராத்தா மகளும் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தளத்தில் தனியாக வாழும் ஜெர்மானிய மூதாட்டியின் கதவை முதலில் தட்டியது, ஒரு சொல்லும் மொழி தெரியாத ராத்தாதான். கையில் ஒரு தட்டு வட்டிலப்பம். நான்காம் நாள் அந்தத் தட்டு நிறையச் செர்ரிப் பழங்களுடன் மேலே வந்தது. தட்டை வெறுமனே திருப்பித் தரலாகாது என்ற பண்பு அங்கேயும் இருக்கிறது.

நாவும் வீடும்

ஜெர்மன் மொழியில் பெரியவரையும் அறிமுகமற்றவரையும் ‘ஸீ’ என்பார்கள். நெருங்கியவரை ‘டூ’ என்பார்கள். நம் ‘நீங்கள்’, ‘நீ’ போலவே. இந்த வேற்றுமையைத் தாய்ப்பாலோடு கற்றவர்களுக்கு அம்மொழியின் மரியாதை எளிதில் பிடிபடும். இலக்கணம்தான் கடினம்.

துணைவராகச் செல்பவர் பொதுவாக அடிப்படை நிலைத் தேர்வில் தேறிய பின்னரே விசா பெற முடியும். உயர்திறன் பணியாளர்களுக்கான நீல அட்டை பெற்றவரின் மனைவிக்கு இதில் விலக்கு உண்டு. இந்த விலக்கே பல குடும்பங்களில் பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. கணவர் அலுவலகத்தில் ஆங்கிலத்தைக் கொண்டு சமாளித்துவிடுவார். மருத்துவரிடமும் மழலையர் பள்ளியிலும் கடையிலும் நிற்பவள் மனைவி. புதிதாக வருவோர்க்கென்று அரசு நடத்தும் வகுப்பு மொத்தம் 700 மணி நேரம். அதில் 600 மணி நேரம் மொழிக்கு, மீதி அந்நாட்டுச் சட்டத்திற்கும் வரலாற்றுக்கும். ராத்தா மகள் இரண்டாம் ஆண்டில் அதில் சேர்ந்தாள். அதன் பின்புதான் தன் குழந்தையின் காய்ச்சலைத் தானே மருத்துவரிடம் விளக்கினாளாம். அந்த நாளை அவள் பெருநாளைப் போல நினைவு வைத்திருக்கிறாள்.

நம் பெண்கள் அங்கு முதலில் கற்கும் சொற்களில் ஒன்று ‘ஷ்வைன்’, அதாவது பன்றி. ரொட்டி, தயிர், மிட்டாய் என எதை எடுத்தாலும் உறையிலுள்ள பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். ஜெர்மானியக் குழந்தைகள் விரும்பும் கரடி உருவ மிட்டாய் 1920-இல் பான் நகரில் தொடங்கப்பட்ட ஹரிபோ நிறுவனத்தின் தயாரிப்பு. அதில் சேரும் கெலட்டின் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது. அதே நிறுவனத்தின் துருக்கித் தயாரிப்பில் மாட்டுக் கெலட்டின் சேர்ந்து ஹலால் முத்திரையுடன் வருகிறது. அது துருக்கியர் கடைகளில் கிடைக்கும். இறைச்சிக்கும் அக்கடைகளே துணை. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன. அவர்கள் வார இறுதியில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளும் பல நகரங்களில் உள்ளன.

குழந்தை பகலெல்லாம் ஜெர்மன் பேசுகிறது. வீட்டிலும் பெற்றோர் அரைகுறையாக அதையே பேசினால், இரண்டு மொழிகளிலும் குறை நேரும். “வீட்டு வாசலுக்குள் தமிழ்” என்று அவர்கள் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அந்நாட்டில் பாட்டியை ‘ஓமா’ என்பார்கள். கீழ்வீட்டு மூதாட்டி ‘ஓமா’, ராத்தா ‘உம்மும்மா’ என்று நான்கு வயதுப் பேரன் இருவரையும் குழப்பமின்றி அழைத்தது எனக்கு நம்பிக்கை தந்தது.

இருளாத இரவும் ஐவேளைத் தொழுகையும்

கொலோன் நகரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 51 பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் அங்குச் சூரியன் காலை சுமார் 5.20-க்கு உதித்து இரவு சுமார் 9.50-க்கு மறைகிறது. அதன் பிறகும் வானத்தின் ஒளி முற்றாக அகல்வதில்லை. எனவே இஷாவுக்கும் பஜ்ருக்கும் மார்க்க அறிஞர்கள் கணித்த அட்டவணைகளைப் பின்பற்றுகிறார்கள். டிசம்பரிலோ சூரியன் 8.30-க்கு எழுந்து மாலை 4.30-க்குள் மறைந்துவிடும், லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் அலுவலக நேரத்திலேயே வந்துவிடுகின்றன. நம் ஊரில் பாங்கு ஓசை நம்மை அழைக்கிறது. அங்கே நாம்தான் நேரத்தைத் தேடிப் போக வேண்டும்.

பள்ளிவாசல்களில் பெரும்பாலானவை துருக்கியர் நடத்துபவை. அவர்கள் ஹனஃபி மத்ஹபினர். ஷாபியீகளான நாங்கள் உரக்க ஆமீன் சொல்வதும் பஜ்ரில் குனூத் ஓதுவதும் அவர்களுக்குப் புதிது. தொழுகைக்குப் பின் முஅத்தினைப் பின்பற்றி அனைவரும் தஸ்பீஹ் செய்வதைக் கண்டு நான் வியந்தேன். தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நின்ற எவரும் மற்றவரை முறைத்துப் பார்க்கவில்லை.

இத்துருக்கியரின் கதை நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம். 30-10-1961 அன்று ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவர்கள் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ‘விருந்தினர் தொழிலாளர்’ என்ற பெயரில் வந்தார்கள். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவோம் என்றெண்ணி அலமாரியின் மேல் பெட்டியைத் தயாராக வைத்திருந்தார்கள். 1973-இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டபோது, போனால் மீண்டும் வர இயலாது என்று பலர் குடும்பத்தை அழைத்துக்கொண்டனர். தொழுவதற்கு இடமில்லாத அந்தத் தொடக்கக் காலத்தில், 3-2-1965 அன்று நோன்புப் பெருநாள் தொழுகைக்காக கொலோன் பேராலயத்தின் ஒரு பகுதி முஸ்லிம் தொழிலாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1248-இல் தொடங்கி 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மாபெரும் கிறித்தவ ஆலயத்தில் நூற்றுக்கணக்கானோர் விரிப்பு விரித்து ஸஜ்தா செய்தார்கள்.

பின்னர்ப் பல ஆண்டுகள் கொல்லைப்புறக் கூடங்களும் பழைய கிடங்குகளுமே பள்ளிவாசல்களாக இருந்தன. தங்குகிறவர்கள் நாம் என்பதை அவர்கள் தமக்கே ஒப்புக்கொண்ட பிறகுதான் மினாராக்கள் எழுந்தன. டூயிஸ்பர்க் நகரின் மார்க்ஸ்லோ பகுதியில் 2008-இல் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அந்நகரில் தாதியாகப் பணிபுரியும் எங்கள் உறவுப் பெண்ணைக் காணச் சென்றபோது அங்கு நாங்கள் ஜும்ஆ தொழுதோம். பள்ளிவாசலோடு சேர்ந்து, எல்லா மதத்தாரும் வந்து பழகுவதற்கான நிலையமும் உள்ளது. கொலோனின் எரன்ஃபெல்ட் பகுதியிலுள்ள மத்தியப் பள்ளிவாசல் 2018-இல் முறைப்படி திறக்கப்பட்டது. மொட்டு விரிவது போன்ற குவிமாடமும் 55 மீட்டர் உயர மினாராக்கள் இரண்டும் கொண்ட அதை வரைந்தவர், தலைமுறைகளாகக் கிறித்தவ ஆலயங்களைக் கட்டிய குடும்பத்தில் வந்த பவுல் போம். 14-10-2022 முதல் அங்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லப்பட்டது. 1997 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 3-இல் நாடெங்கும் பள்ளிவாசல்கள் அண்டையாருக்குக் கதவைத் திறந்து வைக்கின்றன. கொலோன் அடங்கிய நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலம் 2012-இல் இஸ்லாமிய மார்க்கக் கல்வியை அரசுப் பள்ளிப் பாடமாக்கியது.

சோலிங்கனின் ஐந்து மரங்கள்

எல்லாம் இனிமையென்று எழுதினால் உங்களுக்கு நான் நேர்மை செய்தவனாக மாட்டேன். கொலோனிலிருந்து சிறிது தொலைவிலுள்ள சோலிங்கன் நகரில் 29-5-1993 அன்று அதிகாலையில், வெறி கொண்ட இளைஞர் நால்வர் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தனர். மெவ்லூதெ கென்ச் என்ற தாய் தம் மகள்கள் இருவரையும் பேத்திகள் இருவரையும் சகோதர வழிப் பெண் ஒருத்தியையும் அந்நெருப்பில் பறிகொடுத்தார். அவர் ஊரைவிட்டு ஓடவில்லை, பழியும் வேண்டவில்லை. பகையை விட்டு ஒன்றாக வாழுங்கள் என்றே இரு சமூகத்தாரிடமும் இறுதிவரை வேண்டி, 2022-இல் வஃபாத்தானார். வீடு இருந்த இடத்தில் ஐந்து மரங்கள் நிற்கின்றன. ராத்தா அங்கு நெடுநேரம் நின்று துஆச் செய்தார். 2020 பிப்ரவரியில் ஹனாவ் நகரில் வெளிநாட்டு வழியினர் ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாம் மறக்கத்தக்கதன்று. முக்காடிட்ட நம் பெண்களுக்கு ரயிலில் கசந்த பார்வை கிடைக்கும் நாளும் உண்டு. இடம் விட்டு எழுந்து உட்கார வைக்கும் நாளும் உண்டு. இரண்டையும் அறிந்தே பிள்ளைகள் போக வேண்டும்.

மையவாடியில் எழுந்த வினா

மாப்பிள்ளையின் சாச்சா மகன் வாழும் பெர்லினுக்கும் சென்றோம். அங்குக் கொலம்பியாடாம் சாலையில் ஒரு பழைய மையவாடி இருக்கிறது. 1798-இல் பெர்லினில் வஃபாத்தான உஸ்மானியத் தூதர் அலி அஸீஸ் எஃபெந்திக்காகப் பிரஷ்ய மன்னர் நிலம் கொடுத்தார். அந்த அடக்கஸ்தலம் 1866-இல் இப்போதைய இடத்திற்கு மாற்றப்பட்டது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில், முதல் உலகப் போரின்போது முஸ்லிம் கைதிகளை அடைத்து வைத்த ‘பிறை முகாம்’ இருந்தது. ஜெர்மனியில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் 1915 ஜூலையில் அங்குதான் மரத்தால் எழுந்தது. அது இன்று இல்லை. ஆனால் அருகிலுள்ள செரன்ஸ்டார்ஃப் மயானத்தில் இந்தியச் சிப்பாய்கள் 200-க்கும் மேற்பட்டோர் அடங்கியிருக்கிறார்கள். நம் நாட்டவர் அந்த மண்ணில் கலந்து நூறாண்டுக்கு மேலாகிறது.

அங்கேதான் ராத்தா கேட்டார்: “இங்கே மவுத்தானால் எப்படி அடக்குவார்கள்?”

சொன்னார்கள். சவப்பெட்டி கட்டாயம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் 2003 முதலும் பவேரியாவில் 2021 முதலும் கஃபனோடு அடக்க வழி உண்டு. பல மாநிலங்களில் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கபர் நிலமும் நிரந்தரமன்று. பொதுவாக 20 முதல் 30 ஆண்டுகள் தவணை. தொடர விரும்பினால் மீண்டும் பணம் கட்ட வேண்டும். அதனால்தான் முதல் தலைமுறைத் துருக்கியர் பலரின் ஜனாஸா விமானத்தில் தாயகம் சென்றது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்க, கபரை ஸியாரத் செய்ய ஆளில்லாமல் போகிறதே என்று இப்போது பலர் ஜெர்மனியிலேயே அடங்க விரும்புகிறார்களாம்.

மகள் அழுதுகொண்டே, “உம்மா, எங்களோடு இருந்துவிடுங்கள்” என்றாள். சட்டம் அதற்கும் எளிதில் இடம் தருவதில்லை. 1-3-2024-க்குப் பின் முதன்முதலாகத் தொழில் உரிமம் பெற்றவர்களே பெற்றோரையும் துணைவரின் பெற்றோரையும் அழைத்துக்கொள்ளப் புதிய வழி உண்டு; மாப்பிள்ளை அதற்கு முன்பே உரிமம் பெற்றவர். அந்த வழி இருந்தாலும், முதிய வயதில் வருவோருக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது பெரும்பாடு. ராத்தா மகளின் கண்ணைத் துடைத்து, “உன் வாப்பா ஊரில் அடங்கியிருக்கிறார். எனக்கும் அங்கேதான் இடம். நீ இந்த மண்ணை உனக்கு ஆக்கிக்கொள். நான் ஆண்டுக்கொரு முறை வருகிறேன், இன்ஷா அல்லாஹ்” என்றார். தவணை முடியுமுன் ஊர் திரும்பினோம். பூட்டிக் கிடந்த மகள் வீட்டை ராத்தா இப்போது ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஓர் அறையை மட்டும் மகளுக்கென்று வைத்துக்கொண்டார்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

வாசகர்களே! உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை அந்நாட்டுக்குப் புறப்படலாம். பெண்ணை அனுப்புகிறீர்களானால், சட்டம் கேட்காவிட்டாலும் இங்கேயே ஆறு மாதம் மொழி பயிற்றுவித்து அனுப்புங்கள். நகையைவிட அது அவளுக்குக் கைகொடுக்கும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அண்டை வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தொலைவில் வீடு தேடச் சொல்லுங்கள். பேரக் குழந்தையோடு தொலைபேசியில் தமிழிலேயே பேசுங்கள். அதன் தமிழைக் கேலி செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. முதுமையில் எங்கே இருப்பது, வீட்டை என்ன செய்வது, ஜனாஸா எங்கே என்பவற்றை உடல் நலமாக இருக்கும்போதே பிள்ளைகளோடு அமர்ந்து பேசுங்கள். ‘சீக்கிரம் வந்துவிடுவோம்’ என்று அவர்களும், ‘எப்போது வருவீர்கள்’ என்று நாமும் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர்கள் அங்கும் வேர் பிடிக்க மாட்டார்கள். இங்கும் நிழல் தர மாட்டார்கள். அலமாரியின் மேலிருக்கும் பெட்டியைப் பிரித்து வைக்க, பெற்றவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை பிள்ளைகளுக்குப் பெரும் துணை.

பூமி முழுவதும் அல்லாஹ்வுடையது. எந்த மண்ணில் வாழ்ந்தாலும் அம்மண்ணின் ஹக்கை நிறைவேற்றி, தீனும் தாய்மொழியும் குன்றாமல் வாழும் பேற்றை நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.